நாட்டில் எத்தனை பேர், எங்கள் வீட்டில் எத்தனை பேர்

"ஏனுங்க, நீங்க சேலம் பக்கமுங்களா?"

நரம்பியல் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. நானும், அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவும் ஊரைவிட்டு ஒரு ரயில் பயணம் தள்ளி வந்திருந்தோம். சுற்றிலும் தெலுங்கு, வங்காளம், இந்தி. எங்கள் கடைக்குக் காபிக்கொட்டையை இன்னும் கொஞ்சம் வறுக்கச் சொல்லி அத்தா போனில் அம்மாவிடம் பேசியதைக் கேட்டு அவர் எங்களைக் கண்டுபிடித்திருக்கிறார். ஏற்காடு என்று அத்தா சொன்னதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். "நாங்களும் அந்த மலைதானுங்க, செம்மநத்தம். இது என்ற தம்பி."

அவர் பெயர் சடையன். தம்பி ராமருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தான், அதிலிருந்துதான் கால் இப்படி ஆகிவிட்டது என்று சடையன் அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ராமர் எழுந்தார். முதலில் குப்புறத் திரும்பி இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினார். இடுப்பைத் தூக்கினார். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்து, அடுத்த கையைத் தொடையில் வைத்து, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல நிமிர்ந்தார்.

நான் அப்படித்தான் எழுவேன். என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தொழுது முடித்து அப்படித்தான் எழுவார்.

லட்சம் பேரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே வருகிற நோயாக இருக்கலாம் என்று முந்தின நாள்தான் எங்களைப் பார்த்த டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கள் மலையில் லட்சம் பேரே கிடையாது. அப்படியானால் நாங்கள் மூன்று பேர் எங்கிருந்து வந்தோம்? நான் புள்ளியியல் படித்தவள். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியாது. நாட்டில் எத்தனை பேர், எங்கள் மலையில் எத்தனை பேர் என்று அறியும் ஆசை, பயத்துக்கு நடுவே, அந்தக் கூடத்தில் அந்த நிமிடம்தான் பிடித்தது.

எனக்கு இது கல்லூரியில் ஆரம்பித்தது. சேலத்தில் விடுதி மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுவேன். தோழிகள் சோம்பேறி என்பார்கள், நானும் சிரிப்பேன். பிறகு பஸ் படி உயரமாகிக்கொண்டே போனது. கண்டக்டர்கள் கை கொடுத்தார்கள். ஒருநாள் வகுப்பில் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. அன்று நானே வீட்டுக்குப் போன் செய்தேன்.

முதலில் பார்த்த டாக்டர் ரத்தப் பரிசோதனையில் இரண்டு நொதிகள் ஏறியிருப்பதைக் கண்டு கல்லீரல் என்றார். எண்ணெய் கூடாது, கறி கூடாது. அம்மா மாதக்கணக்கில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். பெருநாள் அன்று வீடே பிரியாணி சாப்பிட, எனக்கு மட்டும் ரசம் சாதம். அந்த நொதிகள் கல்லீரலில் இருப்பதுபோலவே தசையிலும் இருக்கும், தசை உடைந்தாலும் ரத்தத்தில் கசியும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று யாருக்கும் தோன்றவில்லை. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது மஞ்சள் காமாலை எதுவும் இல்லாமல் கல்லீரல் நொதி மட்டும் ஏறி, படியேறவும் கஷ்டமாக இருந்தால், சிபிகே என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது தசை உடைவதைக் காட்டும் அளவு. எனக்கு அது இருக்கவேண்டியதைப்போலப் பல மடங்கு இருந்தது. அதைப் பார்த்த இரண்டாவது டாக்டர்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்.

அங்கே சேர்த்த பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பரிசோதனை. தொடையில் மெல்லிய ஊசியைக் குத்தி, காலை இறுக்கச் சொல்லி, தசையின் மின்சாரத்தைக் கேட்டார்கள். உண்மையாகவே கேட்கலாம். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோபோல ஒலிபெருக்கியில் கரகரவென்று வந்தது. பிறகு இதயத்துக்கு எக்கோ, நுரையீரலுக்கு ஒரு குழாயில் ஊதுவது. இந்த வகை நோய்கள் சிலவற்றில் இதயமும் மூச்சும் சேர்ந்து கெடும். எனக்கு இரண்டும் இப்போதைக்கு நன்றாக இருக்கின்றன. "இப்போதைக்கு" என்ற சொல்லை அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

கடைசியாக மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். சீசன் சரக்குக்கென்று அத்தா ஒதுக்கி வைத்திருந்த பணம் அதோடு தீர்ந்தது. பில் கவுன்டரில் அவர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு இளநீர் இருந்தது.

அத்தாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தரையோடு இருக்கும் கழிப்பறையில் உட்கார்ந்தால் எனக்கு எழ முடியாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது. ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் அவர் காணாமல் போவார். வந்து, "ரெண்டாவது மாடி, லிப்ட்டுக்கு எதுக்க, உக்கார்ற மாதிரி இருக்குது கண்ணு" என்பார். மொத்தக் கட்டடத்திலும் மேற்கத்தியக் கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று அத்தாவுக்குத் தெரியும். சடையன் அண்ணன் காலையில் எங்களுக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்துக்கொண்டு வருவார். வீட்டிலிருந்து தங்கச்சி பர்சானா தினமும் ஒரு குரல் செய்தி அனுப்புவாள். கடைத்தெருவில் யார் யாரோடு சண்டை, ஏரியில் எந்த டூரிஸ்ட் செல்போனைத் தவறவிட்டான், எல்லாம் வரும். கடைசியில் மட்டும் "நொம்ப பயமா இருக்குதா?" என்று ஒரு கேள்வி. நான் அதற்கு மட்டும் பதில் போடமாட்டேன்.

நோயின் பெயரை டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் காட்டினார். லிம்ப் கர்டில் மஸ்குலர் டிஸ்ட்ரோபி. இடுப்பையும் தோளையும் சுற்றியிருக்கும் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். பிறவியிலேயே உடம்பில் இருக்கும் ஒரு பிழை, வாலிபத்தில் வெளியே தெரிகிறது. இதை நிறுத்த மருந்து இல்லை. நீட்டி மடக்கும் உடற்பயிற்சி உண்டு. மிதமிஞ்சினால் அதுவும் கெடுதல். எத்தனை வருஷம் நடப்பேன் என்று கேட்டேன். அதற்கு எண் சொல்ல மறுத்தார். அப்போதுதான் மற்ற எண்ணைக் கேட்டேன்.

"இந்தியாவுல மொத்தம் எத்தனை பேர் மேடம்?"

"தெரியாதும்மா."

"ஏறக்குறைய?"

"ஏறக்குறையவும் தெரியாது. வெளிநாட்டுக் கணக்கை எடுத்து நம்ம ஜனத்தொகையால பெருக்கினா ஒரு எண் வரும். அது நம்ம எண் இல்லை."

பிறகு பொறுமையாக விளக்கினார். சில நாடுகளில் இந்த நோய் உள்ளவர்களைத் தேடிப் பதிந்து வைக்கிறார்கள். இங்கே இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேருகிறவர்கள்தான் எண்ணப்படுகிறார்கள். வந்து சேர ரயில் டிக்கெட் வேண்டும், கூட வர ஒரு ஆள் வேண்டும், விழுந்ததால் வந்தது என்று நம்பி வீட்டில் விட்டுவிடாமல் இருக்கவேண்டும். இன்னொன்று, இது மழைபோல எல்லா இடத்திலும் பெய்யாது. சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொள்ளும் இடங்களில் தேங்கும். ஆகவே நாடு முழுக்கச் சராசரி எடுத்தால் அரிது, ஒரு தெருவில் எடுத்தால் அரிதே இல்லை என்று ஆகலாம்.

எங்கள் மலையிலிருந்தே மூன்று பேரை எனக்குத் தெரியும் என்றேன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"மற்ற நோயாளிகளைப் பத்தி நான் பேச முடியாது. ஆனா மூணு பேர்ங்கிறது கணக்கு இல்லைம்மா, சந்தேகம். எல்லாருக்கும் ஒரே நோயான்னே தெரியாது. எண்ணிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து மரபணு முடிவு வந்தது. சந்தேகப்பட்டதே. இதற்கிடையில் பர்சானாவுக்கும் சிபிகே பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அளவு சரியாக இருந்தது. அவளுக்கு நோய் இல்லை. இங்கேதான் எங்கள் வீடு தவறு செய்தது.

மாமாவின் மகன் அனீஸுக்கு என்னைத்தான் சின்ன வயதிலிருந்து பேசி வைத்திருந்தார்கள். மலையில் பிறந்த மாமா இப்போது அடிவாரத்தில் டயர் கடை வைத்திருக்கிறார், அனீஸ் ஜீப் ஓட்டுகிறான். என் நோய் தெரிந்ததும் மாமி மலையேறி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது பொய் அழுகை இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது அம்மாவிடம், பெரியவளுக்கு அல்லா இப்படி எழுதிவிட்டான், சின்னவளைக் கொடு, சொந்தம் விட்டுப்போக வேண்டாம் என்று கேட்டாள். சின்னவளுக்குத்தான் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதே. அம்மா சரி என்றாள். பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று பேச்சும் முடிந்தது.

எனக்கு வலித்தது. அதை இங்கே விரித்து எழுதப்போவதில்லை. பர்சானாதான் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "உன்ற சுடிதாரப் போட்டுப் போட்டேதான் வளந்தேன். மாப்பிள்ளையுமா அக்கா?" என்றாள். இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குள் கணக்கு ஓட ஆரம்பித்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அத்தாவையும் அம்மாவையும் உட்கார வைத்தேன். காபிப் பழத்துக்குள் இரண்டு கொட்டை இருக்கும். நம் ஒவ்வொருவரிடமும் இந்த விஷயத்துக்கு அப்படி இரண்டு கொட்டை இருக்கிறது, ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அத்தா கொடுத்தது என்று சொல்லி, மேசையில் நல்ல கொட்டையும் வண்டு துளைத்த கொட்டையுமாக வைத்தேன். ஒன்று நல்லதாக இருந்தால் போதும், கால் நன்றாக இருக்கும். என்னிடம் இரண்டும் துளை. அப்படியானால் உங்கள் இரண்டு பேரிடமும் ஒவ்வொரு துளை இருந்திருக்கவேண்டும். நீங்களும் அத்தை மகன், மாமன் மகள்தானே. மாமாவின் நடை என் நடைதான் என்றால், அவரிடமும் இரண்டும் துளை. அனீஸுக்கு அதில் ஒன்று கட்டாயம் போயிருக்கும். மாமி வெளி சம்பந்தம் என்பதால் மற்றது நல்லதாக இருக்கும், அதனால்தான் அவன் ஓடியாடுகிறான். பர்சானாவிடம் ஒன்று துளையாக இருக்கிறதா இல்லையா என்று அந்த சிபிகே சொல்லாது, மரபணுப் பரிசோதனைதான் சொல்லும். மூன்றில் இரண்டு பங்கு, இருக்கத்தான் வாய்ப்பு. இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு என்னைப்போல ஆகலாம்.

அத்தா கொட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா துளை விழுந்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்ப இது நான் குடுத்ததா?"

நீ மட்டுமில்லை, யாரும் தெரிந்து கொடுக்கவில்லை என்றேன். அவள் அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் என் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தியிருந்தாள், எழும்போது சுலபமாக இருக்க. எப்போது வைத்தாள் என்று தெரியாது.

மாமாவிடம் நாமே போய்ச் சொல்லவேண்டும் என்று பர்சானா பிடிவாதம் பிடித்தாள். அத்தா எங்களை அடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். டயர் அடுக்குகளுக்கு நடுவே நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். அவர் கால் போனதற்கு எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை இருக்கிறது. ஜீப் கவிழ்ந்து இடுப்பில் அடிபட்டது என்பது. ராமர் வீட்டில் ஏணி, எங்கள் வீட்டில் ஜீப். நான் கொட்டைக் கதையை முடிக்கும்வரை மாமா குறுக்கே பேசவில்லை. அனீஸ் ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ற கால்ல இருக்கறது எனக்குத் தெரியாதா கண்ணு?" என்றார் மாமா. "ஜீப்பு கவுந்ததே நான் பிரேக்க மிதிக்க முடியாமத்தான். அதுக்கு ரெண்டு வருசம் முந்தியே படியேற முடியல. வெளியில சொன்னா நொண்டி மவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அதான் தங்கச்சி ஊட்டுலயே கேட்டுப்புட்டேன்."

டாக்டரம்மா சொன்ன எதையும்விட அந்த வார்த்தை எனக்கு அதிகம் விளக்கியது. வெளியே தெரிந்தால் பெண் கிடைக்காது, ஆகவே மறைக்கிறோம். மறைத்ததால் சொந்தத்துக்குள்ளேயே கட்டுகிறோம். கட்டுவதால் இன்னொருவர் பிறக்கிறார், அவரையும் மறைக்கிறோம். நாட்டுக் கணக்கில் நாங்கள் இல்லாமல் போனதற்கும், எங்கள் வீட்டில் நாங்கள் அதிகமானதற்கும் காரணம் ஒன்றுதான். மாமாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படத்தான் போயிருந்தேன்.

பர்சானா முன்னால் வந்தாள். "மாமா, உங்க ரத்தம் வேண்டாம். என்ற ரத்தம் போதும். எங்கிட்ட அது இல்லீன்னா மச்சானக் கட்டிக்கறேன். இருந்துச்சுன்னா கட்ட மாட்டேன். ரெண்டுக்கும் இப்பவே சரின்னு சொல்லிப்போடுங்க."

மாமா அனீஸைப் பார்த்தார். அனீஸ் தலையைக் குனிந்துகொண்டு, சரின்னு சொல்லுங்கத்தா என்றான். மாமா, புள்ளைகளுக்கு டீ சொல்லு என்றார். எங்கள் குடும்பத்தில் அதற்கு சம்மதம் என்றுதான் அர்த்தம். நிக்காஹ் தேதி தள்ளிப்போனது. மாமி மட்டும் இன்னும் எங்களோடு பேசவில்லை. வீட்டுப் பேச்சைக் கடைத்தெருவில் விற்கிறாள் என்று என்னைப் பற்றி யாரிடமோ சொன்னதாகக் கேள்வி.

இதை எழுதப்போகிறேன் என்றபோது மாமா, எழுது, என்ற பேரைப் போடாதே என்றார். ஆகவே அவர் இதில் மாமா மட்டுமே. பர்சானா தன் பேரைக் கட்டாயம் போடச் சொன்னாள்.

அவளுடைய ரத்தம் போயிருக்கிறது. முடிவு வரச் சில வாரமாகும். அந்த இடைவெளியில்தான் இதை எழுதுகிறேன். இப்போது எனக்குக் கைத்தடி வந்துவிட்டது. கடைக்குள் ஏறும் ஒற்றைப் படியில் அத்தா ஒரு சாய்வுப் பலகை போட்டிருக்கிறார். தலை வாரும்போது கை சீக்கிரம் சோர்கிறது, அது புதிது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சடையன் அண்ணனுக்குப் போன் செய்தேன். ராமருக்கும் தசை நோய்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த வகை என்று அறிய மரபணுப் பரிசோதனை வேண்டும். "மொளவு வித்துப்போட்டுப் பாத்துக்கலாமுங்க அம்மிணி" என்றார். பார்க்கமாட்டார்கள் என்று அவர் குரலிலேயே தெரிந்தது. ராமர் எந்தக் கணக்கிலும் ஏறப்போவதில்லை. அவர்கள் பங்காளி வீட்டில் இன்னொரு பெண்ணும் அப்படித்தான் எழுகிறாள் என்று போனை வைப்பதற்கு முன்னால் சொன்னார்.

நாட்டை எண்ண என்னால் முடியாது. வீடு வீடாக ஏறி இறங்கவும் என் கால் விடாது. ஆனால் செம்மநத்தத்தில் ரேஷன் அரிசி போடும் நாளில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரு ஆள் வருவார். ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். சடையன் அண்ணன் கூட இருப்பார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்கப்போகிறேன்: தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி எழுகிற சின்ன வயதுக்காரர் யாராவது உங்கள் வீட்டில் உண்டா? உண்டு என்றால் அவரைப் போய்ப் பார்ப்பது. நோய்தானா என்று நான் சொல்லமாட்டேன், அது டாக்டரம்மா வேலை. போனில் கேட்டதற்கு, பெயர்களை வெளியே விடக்கூடாது, சம்மதம் இல்லாமல் யாரையும் பார்க்கக்கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டார். போதுமான பேர் சேர்ந்தால் ஒரு குழுவோடு மலைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். செம்மநத்தத்துக்குப் பிறகு அடுத்த ஊர் கொட்டச்சேடு.

நேற்று அனீஸ் ஜீப்பைப் பற்றிப் பேச வந்தான். அந்தப் பாதையில் ஜீப்தான் போகும், அவன்தான் ஓட்டப்போகிறான். வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. பர்சானா முடிவு எப்போது வரும் என்று என்னைக் கேட்டான். இன்னும் இரண்டு மூன்று வாரம் என்றேன்.

உள்ளே பர்சானா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"செரி," என்றான் அனீஸ். "அதுவரைக்கும் போயி எண்ணலாம்."